பெருக்கி வைத்த மனை

சரிவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளைப் பாறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜீப் ஓட்டுபவர் விளையாட்டாக வைத்த பெயர். இப்போது மேலதிகாரியே அப்படித்தான் கூப்பிடுகிறார். மலையடிவாரத்தில் யாராவது வீடு கட்டப் போனால், மேலேயிருந்து கல் உருண்டு அந்த இடம்வரை வருமா வராதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. வராது என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான் அஸ்திவாரத்துக்கு மண்வெட்டியைத் தூக்கலாம்.

பதினான்கு வருடங்களில் முந்நூறு மனைகளுக்கு மேல் பார்த்துவிட்டாள். ஒன்றுகூடப் பிசகியதில்லை. ஆனாலும் வானம் கறுத்தால் போதும், அவளுக்குச் சாப்பாடு இறங்காது. முந்நூறு வீட்டுக்காரர்களும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள், அவர்களுக்கும் சேர்த்து இவள் ஒருத்தி உட்கார்ந்து பயப்படுவாள். "உனக்குச் சம்பளத்தோட சேர்த்துப் பயத்தையும் கொடுத்து அனுப்பறாங்க" என்பார் அவள் கணவர். அவர் சொல்வதில் தப்பில்லை.

அன்றைக்கு ஒரு பஸ் கண்டக்டர் வீட்டில் பத்து நிமிட வேலைதான். வீடு கட்டி முடித்தாகிவிட்டது. போன வருடம் அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையில் உள்ளபடி கட்டியிருக்கிறார்களா என்று ஒரு சுற்று பார்த்து, குடியிருப்புச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். சாயங்காலத்திலிருந்து மூன்று நாளைக்குக் கனமழை என்று காலையில் வானொலியில் சொன்னார்கள். அதனால் மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஜீப்பை விரட்டிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்னால் ஒரு அறை, மலையைப் பார்த்தாற்போலப் பின்னால் ஒரு அறை. பின்னறையில்தான் வெளிச்சம் அதிகம் என்று கண்டக்டரின் மனைவி ஜன்னலோரமாகத் தையல் மெஷினைப் போட்டிருந்தாள். அவள் பிழைப்பே அந்த மெஷின்தான். பக்கத்தில் ஆறு வயது மகளுக்கு ஒரு குட்டிக் கட்டில். மகளை எல்லோரும் பட்டன் என்று கூப்பிட்டார்கள். சான்று கைக்கு வருவதற்கு முன்பே குடிவந்துவிட்டார்கள் என்பது விதிப்படி தப்பு. ஆனால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நடுத்தெருவிலா நிற்பார்கள்?

"உள்ள போங்க மேடம், உள்ள போங்க, எடம் இருக்கு" என்று பஸ்ஸில் சொல்கிற மாதிரியே சொல்லிச் சிரித்தார் கண்டக்டர். இருபது வருடங்கள் நின்றே வேலை பார்த்தவர். சொந்த வீட்டில் உட்காரவேண்டும் என்பதற்காகவே நாற்காலிகளாக வாங்கிக் குவித்திருந்தார்.

தேநீர் வந்தது. கொண்டுவந்தவர் கண்டக்டரின் மாமனார். ஒரு பெரிய விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தம் என்றால் உங்கள் சுத்தம் என் சுத்தம் இல்லை. பாறையக்கா கோப்பையை வைப்பதற்குள் அதன் அடியை ஒரு துணியால் ஒற்றி எடுத்தார். அவள் செருப்பை அவிழ்த்துவிட்டு வந்த இடத்தில் இப்போது இரண்டு செருப்பும் அளவெடுத்து வைத்ததுபோல ஒட்டி நின்றன.

"போன தடவை நீங்க வந்தப்ப சொன்னீங்களே, ஞாபகம் இருக்காம்மா?" என்றார். "இவ்வளவு சுத்தமா மனைய வெச்சிருக்கறவங்கள நான் பார்த்ததே இல்லன்னு. அதை இன்னைக்கு வரைக்கும் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"அவர் சொல்லாத ஆள் இல்ல. என் பஸ்ஸுல வர்றவங்ககிட்ட கூடச் சொல்லிட்டாரு" என்றார் கண்டக்டர்.

பாறையக்கா சிரித்தாள். சுற்றிப் பார்க்கப் பின்பக்கம் போனாள். வீட்டுக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். சிமென்ட் இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கிய சுவர். கைத்தேர்ச்சி தெரிந்தது. அதற்கு அப்பால் புல், அதற்கு மேலே புதர், அதற்கும் மேலே பழுப்பு நிறத்தில் செங்குத்தான பாறை முகம். நடுவில் இருந்த மரங்களை மின்கம்பி போவதற்காக மின்துறைக்காரர்கள் எப்போதோ வெட்டிவிட்டார்கள். மரம் இருந்திருந்தால் கல் மோதிய காயம் பட்டையில் தெரிந்திருக்கும். அது இல்லாததால் போன வருடம் அவள் தரையை மட்டும் நம்பவேண்டியிருந்தது.

சுவர்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போடலாம் என்று பேனாவைத் திறந்தாள். தாளுக்கடியில் கல் சொரசொரத்தது. கண் தானாக அங்கே போனது. பதினான்கு வருடப் பழக்கம், கல்லைப் பார்த்தால் பார்க்காமல் இருக்க முடியாது. மேலே இருந்த கல்லின் ஒரு பக்கம் பாசி படிந்து கறுத்திருந்தது. மறுபக்கம் இப்போதுதான் உடைத்த வெல்லக்கட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது. உளி பட்ட அடையாளம் அதில் இல்லை.

"ஐயா, இந்தக் கல்லெல்லாம் எங்க வாங்கினீங்க?" என்று பின்னாலேயே வந்திருந்த மாமனாரிடம் கேட்டாள்.

பெரியவருக்கு முகமெல்லாம் பல். "வாங்கறதா? ஒரு கல்லு வாங்கலம்மா. எல்லாம் நம்ம மனையில கெடந்ததுதான். நீங்க பார்க்க வர்றீங்கன்னு கடுதாசி வந்துச்சில்ல, அன்னைக்கே நானும் இன்னும் ஆறு பேரும் எறங்கிட்டோம். மூணு நாளு. ஒரு கல்லு விடல, தெருக்கோடியில குவிச்சு வெச்சு அப்புறந்தான் சுவராக்கினோம். அங்கங்க குழி வேற இருந்துச்சு, அதையும் மண்ணு போட்டு மெத்திப் பெருக்கிட்டேன். ஆய்வுக்கு ஆள் வர்றாங்கன்னா தரையில ஒரு முடி இருக்கக் கூடாதும்மா. முப்பது வருஷம் நான் அப்படித்தான் பேர் எடுத்தேன்."

பாறையக்கா பேனா மூடியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே தேடினாள்.

மனை பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கீழே கிடக்கும் கற்களைத்தான். எவ்வளவு பெரிய கல், எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, விழுந்த இடத்தில் குழி இருக்கிறதா, மேலே பாசி பிடித்திருக்கிறதா என்று பார்த்தால் மலையே வாயைத் திறந்து சொல்லிவிடும். இங்கே சொல்ல வந்ததையெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டு, மலை ஒன்றும் சொல்லவில்லை என்று இவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரு கல்கூட மனைவரை வந்த தடயம் இல்லை, ஆபத்து குறைவு, தடுப்பு வலை தேவையில்லை என்று.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. மனையில் சமீபத்தில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா என்று. யாரிடமும் கேட்காமல், ஜீப்பில் உட்கார்ந்து, இல்லை என்ற கட்டத்தில் அவள் கோடு கிழித்தது இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. அன்றைக்கும் மழை வருகிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகும் அவசரம்.

"ஒரு நிமிஷம், பைனாகுலர் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு நடந்தாள்.

ஜீப்காரர் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தவர் எழுந்தார். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

சொன்னாள். அவர் வீட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சுவர நீங்க பார்க்கலன்னா தெரிஞ்சிருக்குமா? யாருக்கும் தெரியாது. கூடுதல் பாதுகாப்புக்கு வலை போடவும்னு கீழ ஒரு வரி சேர்த்துட்டு, கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. பூசி மெழுகிடலாம். உங்க பேரும் கெடாது, அவங்களும் நிம்மதியா இருப்பாங்க."

பொய் சொல்வானேன், பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வலைக்கு எழுதிப் போட்டால் ஆள் வந்து கட்டி முடிக்க ஆறு மாதமாகும். அந்த ஆறு மாதமும் பட்டன் பின்னறையில்தான் படுத்திருப்பாள். தவிர, தனக்குத் தெரியும் என்பது தனக்குத் தெரியுமே, அதை எந்தக் கல்லில் தேய்த்துக் கழுவுவது?

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கற்கள் பழையவையாக இருக்கலாம். நூறு வருடத்துக்கு முன் விழுந்து, அதன்பிறகு மலை அடங்கிப் போயிருக்கலாம். சுவரில் முக்கால்வாசிக் கல் பாசி பிடித்ததுதானே? அப்படியே இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

பைனாகுலரில் பாறை முகத்தைத் துழாவினாள். நடுவில், சட்டையில் ஒட்டுப் போட்டதுபோல ஓர் இடம் மட்டும் வெளுத்திருந்தது. போன வருடமும் இதைப் பார்த்தாள். கீழே கல் எதுவும் இல்லாததால் பழைய காயம் என்று முடிவு கட்டினாள். அதற்குப் பக்கத்தில் அவர்கள் ஜீப் அளவுக்கு ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் ஒரு கோடு. நிழல் என்று நினைத்தாள். நான்கு அடி தள்ளி நின்று பார்த்தபோது அந்தக் கோட்டுக்குள் மேகம் நகர்ந்தது. பாறைக்கும் மலைக்கும் நடுவே வானம் தெரிந்துகொண்டிருந்தது.

"ஐயா, எந்தக் கல்லு எங்க கெடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நூத்திருபது அறையில எந்த அறையில எத்தனை துண்டுன்னு தாள் பார்க்காம சொல்றவன் நான். பெரிசு மட்டும் நாப்பத்தியொண்ணு. சின்னது சேர்த்தி இல்ல."

"அந்த இடத்தையெல்லாம் காட்டறீங்களா?"

"எதுக்குக்கா?" என்று கேட்டாள் தையல்காரி. தகப்பன் கவனிக்காததை அவள் கவனித்துவிட்டாள். சான்றுத் தாளில் இன்னும் கையெழுத்து விழாததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சரிபார்க்கணும்மா" என்றாள் பாறையக்கா.

தக்காளிச் செடிக்கு ஊன்றுவதற்காக வைத்திருந்த குச்சிகளை எடுத்தார்கள். தைத்து மிஞ்சிய துண்டுத் துணி மூட்டையைப் பட்டன் இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இது விளையாட்டு. தாத்தா ஓர் இடத்தில் போய் நிற்பார், "இங்க ஒண்ணு" என்பார், அவள் ஓடிப்போய்த் துணி கட்டிய குச்சியை நடுவாள். சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது, கோடு போட்டது. பாறையக்கா ஒவ்வொன்றுக்கும் அளவைக் கேட்டு நோட்டில் எழுதினாள். தண்ணீர்க் குடம் அளவு. அடுப்பு அளவு. ரெண்டு ஆள் தூக்கினது. நாலு ஆள் தூக்கினது.

"பாசி பிடிச்சிருந்துச்சா?" என்று ஒவ்வொரு கல்லுக்கும் கேட்டாள்.

"நல்லா பிடிச்சிருந்துச்சு. கம்பித் தூரிகை போட்டுத் தேய்ச்சும் போகல" என்று அவர் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் மூச்சு வந்தது. பதினைந்து கல்வரை எல்லாம் பாசி. பதினாறாவதுக்கு, "இது சுத்தமா இருந்துச்சும்மா, கழுவவே வேண்டியதில்ல" என்று அவர் பாராட்டுவதுபோலச் சொன்னார். வந்த மூச்சு அங்கேயே நின்றுவிட்டது.

குச்சிகள் சுவரோரத்தில் தொடங்கி விசிறிபோல விரிந்து இறங்கின. சின்னக் கற்கள் மேட்டிலேயே நின்றுவிட்டன. பெரியவைதான் வெகுதூரம் வந்திருந்தன. எப்போதும் அப்படித்தான், எடை கூடக் கூடக் கல் நிற்காது. வீட்டின் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் எட்டு. முன்வாசலில் மூன்று. கேட்டுக்கு வெளியே, தெரு ஓரத்தில் ஒன்று. ஏதோ விசேஷத்துக்கு அலங்காரம் செய்ததுபோல வீட்டைச் சுற்றிலும் வண்ணத்துணி படபடத்தது. காற்று வேறு கிளம்பியிருந்தது. பாறையக்கா நோட்டைப் பார்த்தாள். முப்பத்தைந்து.

"இன்னும் ஆறு?"

"அது வீட்டுக்குள்ளல்ல இருக்கு" என்றார் பெரியவர். அதாவது, இப்போது வீடு இருக்கிற இடத்தில்.

உள்ளே போனார்கள். கூடத்தில் இரண்டு, சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒன்று, முன்னறையில் இரண்டு. தரையில் குச்சி நட முடியாது என்பதால் பட்டன் துணியை மட்டும் விரித்து வைத்தாள். கண்டக்டரின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. சொல்லாமலேயே அவருக்குப் புரியத் தொடங்கியது. புரிந்ததை ஏற்றுக்கொள்ளாமல் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசிக் கல்லுக்குப் பெரியவர் பின்னறைக்கு நடந்தார். தையல் மெஷினுக்கும் குட்டிக் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்று, காலால் தரையைத் தட்டினார். பட்டன் அங்கேயும் ஒரு துணியை விரித்தாள்.

"இதுதான் பெரிய ஆளு. எருமை படுத்திருந்த மாதிரி கெடந்துச்சு. தூக்க முடியல, சம்மட்டி போட்டு உடைச்சோம். சுவருக்கு அடிக்கல்லு முழுக்க இதுதான்."

"பாசி இருந்துச்சா?"

"துளிகூட இல்ல. ஆனா ஒண்ணு சொல்லணும்மா, பாவமா இருந்துச்சு. கல்லப் புரட்டினா அடியில புல்லு பச்சைப் பசேல்னு இருந்துச்சு. நசுங்கிப் போயி, ஆனா பச்சையா."

நான்கு நாள் வெயில் படாவிட்டால் புல் வெளுத்துவிடும். பத்து நாளானால் மக்கிவிடும். இது கல் படித்தவர்களுக்குத்தான் தெரியவேண்டும் என்பதில்லை, தோட்டத்தில் ஒரு பலகையைப் போட்டுவைத்தவர்களுக்கும் தெரியும். பாறையக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடி அந்தக் கல்லப் பார்த்திருக்கீங்களா ஐயா?"

"அதான் எனக்கே ஆச்சரியம். முந்தின ஞாயித்துக்கிழமை வந்து மனை முழுக்க நடந்தேன். அப்ப அது கண்ணுல படல. சரி, வயசாச்சு, கவனிக்காம விட்டிருப்போம்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தரையில் ஒரு முடி கிடந்தால் நடு வாசலிலிருந்தே பார்த்துவிடுகிறவர் அவர். எருமை அளவு கல்லைக் கவனிக்காமல் விட்டிருக்க முடியாது என்பது அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அவர் காதிலும் விழுந்தது. காலுக்கடியில் இருந்த துணியைப் பார்த்தார். அப்புறம் கட்டிலைப் பார்த்தார்.

பாறையக்கா எல்லோரையும் கூடத்துக்கு அழைத்துவந்து சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "போன வருஷம் நான் எழுதிக் கொடுத்தது தப்பு. இந்த எடத்துக்குக் கல்லு வருது. பழைய காலத்துல மட்டும் இல்ல, நான் பார்க்க வந்ததுக்கு முந்தின வாரம்கூட வந்திருக்கு. மேல இன்னொண்ணு விடுபட்டு நிக்குது. மழை எறங்கினா அது எப்ப வேணும்னாலும் வரலாம். நீங்க இன்னைக்கே வெளிய போயிடணும்."

கண்டக்டர் மாமனார் பக்கம் திரும்பினார். "உங்க சுத்தம் எங்களக் கொண்டுவந்து எங்க விட்டிருக்குன்னு பார்த்தீங்களா மாமா?"

"ஏங்க, அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் தையல்காரி. ஆனால் அவளும் தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவர் மேல தப்பில்ல" என்றாள் பாறையக்கா. "எடத்துல ஏதாவது மாத்தம் பண்ணீங்களான்னு நான் கேட்டிருக்கணும். கேட்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். கேட்காமலே இல்லைன்னு எழுதினேன். தப்பு என்னோடதுதான். இதோ, உங்க முன்னாடியே எழுதறேன்." சான்றுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் அறிக்கையைத் தானே ரத்து செய்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினான்கு வருடத்தில் அவள் கையெழுத்து இவ்வளவு கோணலாக விழுந்ததில்லை.

பெரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "அம்மா, ஒண்ணு கேட்கட்டுமா? நான் எதையும் தொடாம விட்டிருந்தா, அன்னைக்கு என்ன எழுதியிருப்பீங்க?"

இதற்கு ஒரு நல்ல பொய் இருந்தால் அவள் சொல்லியிருப்பாள். தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. "இங்க வீடு கட்டாதீங்கன்னு எழுதியிருப்பேன் ஐயா."

அவர் தலையாட்டினார். ஏதோ விலாசம் சொன்னதைக் கேட்டுக்கொண்டவர்போல மெதுவாக, இரண்டு தடவை.

"நான் எங்கயும் போறதா இல்ல" என்றார் கண்டக்டர். குரல் ஏறியிருந்தது. "அன்னைக்கு விழாதுன்னீங்க, நம்பி வீட்டக் கட்டினோம். இன்னைக்கு விழும்ங்கறீங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து விழாதும்பார். நான் யார் பேச்சக் கேட்கறது? நீங்க சொல்றத ஏன் கேட்கணும், அத முதல்ல சொல்லுங்க."

நியாயமான கேள்விதான். நோட்டில் நாற்பத்தொரு அளவு இருந்தது, சரிவின் கோணம் இருந்தது, பைனாகுலரில் பார்த்தது இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. போன வருடமும் இப்படித்தான் அளவும் கோணமுமாகச் சொன்னாள். உண்மையைச் சொல்லும்போது செல்லுபடியாக வேண்டிய நாக்கை அவளே கெடுத்துவைத்திருந்தாள்.

"சரி, அதெல்லாம் விடுங்க மேடம்" என்றார் கண்டக்டர். பின்னறையை நோக்கிக் கையை நீட்டினார். "அந்த ரூம்ல நீங்க ஒரே ஒரு ராத்திரி படுப்பீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"மாட்டேன்" என்றாள் உடனே. "எனக்குப் பயமா இருக்கு தம்பி. படுக்கறது இருக்கட்டும், இங்க நின்னு பேசறதுக்கே பயமா இருக்கு. என் புள்ளையா இருந்தா இந்நேரம் தூக்கிட்டு ஓடியிருப்பேன்."

மேடம் என்று கூப்பிட்டவரைத் தம்பி என்று சொன்னதை அவளே கவனிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அதிகாரிகள் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறார்கள், அதட்டிப் பார்த்திருக்கிறார்கள், அந்த வீட்டில் யாரும் ஒரு அதிகாரி பயந்து பார்த்ததில்லை.

தையல்காரி எழுந்தாள். "கேட்டீங்கல்ல?" என்று கணவனிடம் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். மெஷினிலிருந்து பாதி தைத்த சட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். ஊசியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். "நான் தைச்சுக் கொடுக்கற துணிக்கடை மாடி காலியாத்தான் கெடக்கு. கேட்டா விடுவாங்க" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். பழைய இரும்பு மெஷின், ஒரு ஆளால் அசைக்க முடியாது. "அப்பா, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்று குரல் கொடுத்தாள்.

பெரியவர் அசையவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் தொடலம்மா" என்றார். "இனிமே நான் எதையும் தொடல."

ஜன்னலுக்கு வெளியே முதல் தூறல் விழுந்தது. பாறையக்கா நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய் மெஷினின் மறுபக்கத்தைப் பிடித்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தூக்கி நாலு எட்டு வைப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தபோது கண்டக்டர் வழியை மறித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். கீழே வைக்கவும் முடியாமல், வழிவிடுங்கள் என்று சொல்லவும் முடியாமல், இரண்டு பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேலே எங்கேயோ ஒரு சின்னக் கல் உருளும் சத்தம் கேட்டது. புதரில் பட்டு, புல்லில் பட்டு, நின்றது. ஒரு கைப்பிடி அளவுகூட இருக்காது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் அவர்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும், ஏதோ மாடு மேய்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

கண்டக்டர் குனிந்து பட்டனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வாசலை விட்டு உள்ளே வந்தார். மாமனாரின் நாற்காலிக்கு எதிரில் போய் நின்று, இன்னொரு கையை நீட்டினார்.

"எழுந்திரிங்க மாமா, மழை வருது" என்றார்.